ஒட்டிலியா பிரேக் பிடித்த நாள்

குளிர்காலத்தில் போய்க் கேரவனில் தங்குகிறவர்களுக்கு மூளை கொஞ்சம் பிசகித்தான் இருக்கும் என்று போஸ்னான் நகரத்து டிராம் டிப்போவில் எல்லோரும் சொல்வார்கள். ஒட்டிலியா அதை மறுத்ததே இல்லை. ஆகஸ்டில் லீவு கேட்டு டிப்போவே அடித்துக்கொள்ளும். அவள் மட்டும் ஜனவரியில் பத்து நாள் கேட்பாள். மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டி, ஓய்வு பெற்று, இப்போது அறுபத்திரண்டு வயது. லீவு கேட்க வேண்டிய அவசியமே இல்லாத பிறகும் அவள் ஜனவரியில்தான் போனாள்.

இருபத்தாறு வயதில் ஒரு கல்யாணம் நடந்தது. இரண்டே வருடத்தில் முடிந்தும் போனது. அதைப் பற்றி யாராவது கேட்டால், "அது சின்ன ரூட்டு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். அதன்பின் அவளுக்கென்று இருந்தது மூன்றாம் மாடியில் ஒரு வீடு, படுக்கையும் அடுப்பும் வைத்து ஓட்டிப் போகிற, பக்கவாட்டில் ஆரஞ்சுக் கோடு போட்ட ஒரு பழைய கேரவன், அவ்வளவுதான். கேரவனை ஐம்பதாவது வயதில் வாங்கினாள். ஏன் வாங்கினாய் என்று தங்கை கேட்டதற்கு, தண்டவாளம் இல்லாத வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது என்றாள். உண்மையும் அதுதான்.

தாத்ரா மலையடிவாரத்தில் கிளிமெக் என்ற மலைக்காரரின் புல்வெளி இருக்கிறது. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் அங்கே பதினைந்து இருபது கேரவன்கள் வந்து சேரும். பத்து நாள் தங்கும். மைனஸ் பத்து என்றால் அங்கே நல்ல வெயில் என்று பேசிக்கொள்வார்கள். மைனஸ் இருபது என்றால்தான் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். காலையில் எழுந்ததும் கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ள வேண்டும், வண்டிக்கு அடியில் வைத்த கழிவுநீர் வாளியைக் கவிழ்த்து ஐஸ் கட்டியைத் தட்டி எடுக்க வேண்டும், மின்சார வயர் பனியில் புதைந்துவிடாமல் குச்சிகளில் தூக்கிக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஆசைப்பட்டு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருகிற ஜனங்கள் அவர்கள். என்ன சொல்வது!

முதல் வருடம் ஒட்டிலியாவுக்கு ஒரு எழவும் தெரியாது. கோடையில் வாங்கிய கேஸ் சிலிண்டரோடு வந்துவிட்டாள். அந்த கேஸ் குளிரில் ஆவியாகாது, சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் மாதிரிக் கிடக்கும். ஹீட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோனது. மூன்று ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் கதவை யாரோ தட்டினார்கள். ஓர் உயரமான ஆள், மீசையில் பனி, தோளில் ஒரு சிலிண்டர். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டிவிட்டுப் போகிறபோதுதான் பேசினார்.

"இது கோடை கேஸ், டிராம்காரம்மா. உங்களை மாதிரியே குளிருக்குப் பயந்து சுருண்டு படுத்துடும்."

அவள் டிராம் ஓட்டுகிறவள் என்பது அந்தப் புல்வெளி முழுக்க ஒரே மணி நேரத்தில் பரவியிருந்தது. அவர் பெயர் செவெரின். லூப்லின் பக்கம் தேனீ வளர்க்கிறவர். மனைவி இறந்து வெகுகாலம். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தேனீக்கள் அவரை எங்கும் நகரவிடாது. அவை கூட்டுக்குள் அடைந்து கிடக்கிற ஜனவரியில்தான் அவருக்கு விடுதலை. அன்றிலிருந்து அவள் அவருக்கு டிராம்காரம்மா, அவர் அவளுக்குத் தேன்காரர். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

அடுத்த வருடத்திலிருந்து இரண்டு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. யார் முதலில் வருகிறார்களோ அவர் மண்வெட்டி எடுத்து இரண்டு இடத்துக்கும் பனியை வெட்டி ஒதுக்குவார், சக்கரம் தரையோடு ஒட்டிக்கொள்ளாதபடி பலகைகளைப் போட்டு வைப்பார். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் லிண்டன் பூத்தேனோடு வருவார். அவள் கசகசா ரோல் நறுக்கி வைத்திருப்பாள். தேநீர், சீட்டாட்டம். ஐந்தரை ஆனதும் எழுந்து, ஹீட்டர் அணைந்துவிடும் என்பார். குளிர்கால கேஸ் மாட்டிய ஹீட்டர் தானாக அணையாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் பதினோரு வருடமும் அதைச் சொல்லித்தான் எழுந்துபோனார்.

கடைசி நாள் கை குலுக்குவார்கள். இருவர் கையிலும் கனத்த கையுறை. போஸ்னான் போய்ச் சேரும்வரை அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்தக் கையுறையைத்தான் நினைத்துக்கொண்டு வருவாள். ஒரு தடவையாவது கழற்றியிருக்கலாம் இல்லையா?

மற்றபடி வருடம் முழுக்க ஒரே ஒரு கிறிஸ்துமஸ் அட்டை. 'தேனீக்கள் நலம்' என்று அவர் எழுதுவார். 'டிராம்கள் நலம்' என்று அவள் எழுதுவாள். அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்து, காபி போடும்போதெல்லாம் படிப்பாள். இரண்டு வார்த்தையில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். அவளுக்கு இருந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். ஜூன் மாதம். லூப்லின் பக்கத்துப் பழைய கோட்டைகளைப் பார்க்கப் போவதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கேரவனைக் கிளப்பினாள். ஒரு கோட்டையையும் பார்க்கவில்லை. அட்டையில் இருந்த முகவரியை வைத்து நேராக அவர் ஊருக்குப் போனாள். ஊர் எல்லையில் லிண்டன் மரங்களெல்லாம் பூத்து மணந்துகொண்டிருந்தன. வேலிக்கு அப்பால் தேன்பெட்டிகளின் நடுவே, முகத்திரை போட்டுக்கொண்டு, அவர். பக்கத்தில் புகைக்குடுவையைப் பிடித்தபடி ஒரு பெண். என்ன சொன்னாரோ, அந்தப் பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். ஒட்டிலியா இஞ்சினை அணைக்கக்கூட இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போஸ்னான் வந்துதான் நிறுத்தினாள். அதைப் பற்றி அவரிடம் அவள் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இந்த வருடம் மூன்றாம் நாள், மதியம் எல்லோரும் கயேத்தான் வண்டி முன்னால் கூடியிருந்தார்கள். கயேத்தான் நாற்பது வயதுக்காரன், கிண்டல் பேர்வழி, ஆனால் சமையலில் கெட்டி. பெரிய பாத்திரத்தில் புளித்த முட்டைக்கோசும் இறைச்சியும் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் செவெரின் பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொன்னார். முதுகுவலி தாங்கவில்லை, தேன்பெட்டிகளை விற்றாகிவிட்டது. இங்கிருந்து கிளம்பின மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கேரவனையும் வாங்கிக்கொள்ள ஒருவன் வருகிறான். அயர்லாந்தில் மகள் வீட்டு மாடியில் ஓர் அறை தயாராக இருக்கிறது.

எல்லோரும் அவர் தோளில் தட்டினார்கள். ஒட்டிலியா கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் அவளுக்கு முதலில் சுட்டது. அவர் போகப்போகிறார் என்பது வண்டிக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கும் நாலு மணிக்குத் தேனோடு வந்தார். சீட்டாடினார்கள். அயர்லாந்தில் பனியே பெய்யாதாமே என்று அவள் கேட்டாள். மழைதான் என்றார். ஐந்தரைக்கு ஹீட்டர் அணைந்துவிடும் என்று எழுந்தார். நாலாம் நாளும் அப்படியே, ஏழாம் நாளும் அப்படியே. காலையில் கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளும்போது அவள் ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். 'போகாதீங்க.' கூரைமேல் நன்றாகத்தான் வந்தது. தேநீர் மேசையில் அவர் எதிரே உட்கார்ந்தால், சீட்டைக் கலைங்க என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. ஆயிரக்கணக்கான பேரை ஏற்றி இறக்கியவளுக்கு ஒரு மனுஷனை இரு என்று சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ரொட்டி வாங்க வேண்டும் என்று சொல்லி ஊருக்குள் வண்டியை எடுத்துப் போனாள். நடந்தே போய்விடலாம், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. ரோடெல்லாம் உப்பு தூவி, பனி கரைந்து சேறாகக் கிடந்தது. திரும்பி வந்து செவெரின் பக்கத்தில், பலகைமேல், சக்கரமெல்லாம் நனைந்து சொட்டச் சொட்ட நிறுத்தினாள். இஞ்சினை அணைத்தாள். கை போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது.

கிளிமெக் புல்வெளிக்கு வருகிற எவரும் செய்யாத ஒரு காரியம் உண்டென்றால் அது இதுதான். நனைந்த சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டால், உள்ளே பிரேக் கட்டை உருளையோடு சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாக உறைந்து இரும்பாகிவிடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும், அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் ஒட்டிலியா ஒரு தடவைகூட அந்தத் தப்பைச் செய்ததில்லை. கை இழுத்த சத்தத்தை அவளும் கேட்டாள். விட்டுவிட ஒரு நொடி போதும். பிடியில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வண்டியில் செவெரின் அலமாரிகளைக் காலி செய்கிற சத்தம் கேட்டது. அவள் கையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அந்தப் புல்வெளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் வண்டி சிக்கிக்கொண்டால் பக்கத்து வண்டி கிளம்பாது. எத்தனை அவசரமானாலும் சரி. பக்கத்து வண்டி யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை மைனஸ் பத்தொன்பது. ஒவ்வொரு கேரவனாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. செவெரின் வயரைச் சுருட்டி, கேஸை மூடி, இஞ்சினைப் போட்டு வைத்துவிட்டுக் கை குலுக்க வந்தார். ஒட்டிலியா பிரேக்கை இறக்கி வண்டியை நகர்த்தப் பார்த்தாள். பின்சக்கரம் அசையவே இல்லை.

முதலில் ஓடி வந்தது கயேத்தான். குனிந்து பார்த்தவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, ஹேண்ட் பிரேக் போட்டீங்களா? நீங்களா?"

"பழக்கதோஷம். முப்பது வருஷம் ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் பிரேக் பிடிச்ச கை" என்றாள் ஒட்டிலியா. முகம் சூடாகிவிட்டது.

செவெரின் சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அவள் மலையைப் பார்த்தாள். அவர் போய்த் தன் இஞ்சினை அணைத்தார். மூடிய கேஸைத் திரும்பத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் கையில் ஆவி பறக்கும் கெட்டிலோடு வந்து, சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, வெந்நீரை ஊற்ற ஆரம்பித்தார்.

கயேத்தானுக்குச் சிரிப்பு நின்றுபோனது. மைனஸ் பத்தொன்பதில் வெந்நீர் ஊற்றினால் இளகுகிறதைவிட உறைகிறதுதான் அதிகம். அதைப் புல்வெளி முழுக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவரே செவெரின்தான்.

"அண்ணே, தண்ணியா ஊத்துறீங்க? போன வருஷம் இதுக்குத்தானே என்னை அந்தத் திட்டுத் திட்டினீங்க?"

"உன் வண்டி வேற, இது வேற."

"சூடுகாத்து மெஷின் ஒண்ணு வச்சிருப்பீங்களே, அதை எடுங்களேன்."

"அது ரிப்பேர்" என்றார் செவெரின், நிமிராமலே.

ஒட்டிலியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வியாழக்கிழமை அதே மெஷினை வைத்துக்கொண்டு அவர் தன் வண்டிப் படியில் உறைந்த ஐஸை இளக்கியதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு கிழங்களுக்கும் குளிர் மண்டைக்கு ஏறிவிட்டது என்று முனகிக்கொண்டே கயேத்தான் பாத்திரம் கழுவப் போய்விட்டான். செவெரின் இரண்டாவது கெட்டில் கொண்டுவந்தார். மூன்றாவது, நாலாவது. ஒவ்வொரு கெட்டில் கொதிக்கவும் கால் மணி நேரம். ஊற்றிய தண்ணீர் சக்கரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஐஸாகத் தொங்கியது. ஒட்டிலியா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் நெருங்கிவிட்டது. புல்வெளியில் மூன்றே வண்டிகள் மிச்சம். ஏழாவது கெட்டிலை அவர் ஊற்றி முடித்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"மெஷின் ரிப்பேர் இல்ல" என்றாள்.

"இல்ல."

"அப்புறம் எதுக்குத் தண்ணி ஊத்துறீங்க?"

செவெரின் காலி கெட்டிலைப் பனியில் வைத்தார். "நீங்க எதுக்குப் பிரேக் போட்டீங்க?"

அவள் அந்தக் கெட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க போயிடுவீங்கன்னுதான்."

அவர் எழவில்லை. மண்டியிட்டபடியே, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி, லிண்டன் பூத்திருந்த சமயம், எங்க வேலியோரம் ஒரு வண்டி நின்னுச்சு. ஆரஞ்சுக் கோடு போட்டது. இந்த உலகத்துல எந்த கேரவனைப் பார்த்தாலும் யாருதுன்னு சொல்லுவேன், இது எனக்குத் தெரியாதா? முகத்திரையைக் கழட்டி எறிஞ்சுட்டு ஓடி வந்தேன். தேனீ நாலு இடத்துல கொட்டுச்சு. நான் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள நீங்க வளைவு திரும்பிட்டீங்க."

ஒட்டிலியா வண்டியைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துல ஒரு பொம்பளை…"

"அது என் தங்கச்சி. இந்த முதுகை வச்சுக்கிட்டுத் தனியா பெட்டி தூக்க முடியுமா?"

"ஏன் என்கிட்ட கேக்கல? நாலு ஜனவரி பக்கத்துல உக்காந்து சீட்டாடினீங்களே, ஏன் கேக்கல?"

"வந்து பார்த்துட்டு, பிடிக்காமத்தான் திரும்பிப் போறாங்கன்னு நினைச்சேன். அதைப் போயி எப்படிக் கேக்கறது?"

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நாலு ஜூன். நாலு முறை அந்த மரங்கள் பூத்து உதிர்ந்திருக்கும். மூன்றாம் மாடியில் அவள் காபி குடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்டாள். இறங்கி வந்து வேலிக்கதவைத் தள்ளியிருந்தால் மட்டும் என்ன உதிர்ந்திருக்கும் என்று அவர் கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து பாழாக்கிய வருடங்கள் அவை.

பிறகு செவெரின் எழுந்து போய் மெஷினை எடுத்துவந்தார். தான் ஊற்றிய ஐஸையெல்லாம் முதலில் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. அவள் சுத்தியலைப் பிடித்தாள், அவர் சூடுகாற்றைப் பிடித்தார். குளிரில் விரல் மரத்துவிடும் என்பதையும் மறந்து இருவரும் கையுறையைக் கழற்றியிருந்தார்கள். சுத்தியல் கைமாறும்போதெல்லாம் விரல்கள் பட்டன. அரை மணி நேரம் கழித்து உள்ளே டமாரென்று ஒரு சத்தம். பிரேக் விட்டுவிட்டது.

ஒட்டிலியா ஏறி வண்டியை நகர்த்தினாள். சக்கரம் சமர்த்தாக உருண்டது. பத்தடி வந்து, செவெரின் வண்டிக்கு நேர் முன்னால் நிறுத்தினாள். அவர் ஜன்னலோரம் வந்து நின்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ரோடு திறந்திருந்தது. இனி யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

"கிளம்புங்க, இருட்டறதுக்குள்ள மலை இறங்கிடலாம்" என்றார். அவளைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"அங்க உங்க மக…"

"அவ கூப்பிடுறா. இங்க இருன்னு சொல்ல யாரு இருக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். கூரைமேல் நின்று ஏழு நாள் சொல்லிப் பழகிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. பாவி மகளுக்கு இப்போதும் வரவில்லை. அவர் ஜன்னல் சட்டத்திலிருந்து கையை எடுக்கப் போனார்.

ஒட்டிலியா அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே இஞ்சினை அணைத்தாள். கையை இறக்கி, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கடைசிப் பல் வரைக்கும் இழுத்தாள். நனைந்த சக்கரத்தில், மைனஸ் பத்தொன்பதில்.

செவெரின் அந்தப் பிடியைப் பார்த்தார். பிறகு பனியை மிதித்துக்கொண்டு தன் வண்டிக்குப் போனார், கதவைத் திறந்தார், ஏறிக்கூட உட்காராமல் கையை உள்ளே விட்டார். கர்ரக், கர்ரக், கர்ரக் என்று அந்தச் சத்தம் புல்வெளி முழுக்கக் கேட்டது.

பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கயேத்தான் துணியோடு ஓடி வந்தான்.

"அண்ணே, என்ன காரியம் பண்றீங்க? நாளைக்கு வண்டி வாங்க வர்றவனுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

"பிரேக் உறைஞ்சுபோச்சுன்னு சொல்லுவேன்" என்றார் செவெரின்.

ஒட்டிலியா உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.